எந்த செட்டலைட், அண்ணே?

திருச்சிற்றம்பலம்.



இந்த மாதச் சிந்தனைக்கு என்ன தலைப்பு என்று கேட்டார்கள். 'அளவை' என்றேன். கேட்ட அண்ணன் சிரித்துவிட்டார். சித்தாந்த வகுப்பில் பாதிப் பேருக்குத் தூக்கம் வருகிற பாடம் அது. உண்மையைச் சொன்னால், நானும் அந்தப் பாடத்தில் தூங்கியவன்தான். அப்படித் தூங்கியதற்கு எங்கள் வீட்டில் ஒருவர் கொடுத்த விலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிவராத்திரி மேடை

இரண்டு வருடத்துக்கு முன்பு, மகா சிவராத்திரி. எங்கள் தாமான் கோவிலில் இரண்டாம் காலப் பூஜைக்கும் மூன்றாம் காலப் பூஜைக்கும் நடுவில் இளைஞர் உரை. பதினைந்து நிமிடம் எனக்குக் கொடுத்தார்கள். நான் அப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு. 'இன்ஜினியரிங் படிக்கிற தம்பி பேசுவார்' என்று அறிவித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என்ன பேசினேன் தெரியுமா? புலனக் குழுவில் வந்ததைப் பேசினேன். திருநள்ளாறு சனீஸ்வரன் சன்னதிக்கு மேலே பறக்கும்போது நாசா செயற்கைக்கோள் 3 விநாடி நின்றுவிடுகிறது என்றேன். தில்லை நடராஜரின் கால் கட்டைவிரல் இருக்கும் இடம்தான் பூமியின் காந்த மையம் என்றேன். 'நம்ம முன்னோர் அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாங்க, வெள்ளைக்காரன் இன்னைக்குத்தான் கண்டுபிடிக்கிறான்' என்று முடித்தேன். கைதட்டல் நிற்கவே இல்லை. ஒரு பாட்டி வந்து என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

இறங்கி வந்தால், என் ஞாயிறு சமய வகுப்பில் படிக்கும் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி நின்றாள்.

"அண்ணே, எந்த செட்டலைட்?"

"நாசா செட்டலைட்மா."

"நாசாகிட்ட நிறைய இருக்குலா. அதோட பேரு என்ன? எப்ப நின்னுச்சு?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயும் வரவில்லை. "போய் டீ குடிச்சிட்டு உட்காரு, பூஜை ஆரம்பிக்கப் போகுது" என்று அனுப்பிவிட்டேன்.

பதக்கம்

சித்திரைப் புத்தாண்டு நேரத்தில் அதே மண்டபத்தில் ஒருவர் வந்து ஆரோக்கிய விளக்கம் கொடுத்தார். கையில் கறுப்பு நிறத்தில் ஒரு பதக்கம். குவாண்டம் சக்தி, நெகட்டிவ் அயான், ரத்தத்தைச் சுத்தப்படுத்தும், இனிப்பு நீர் நோயைப் படிப்படியாகக் குறைக்கும் என்றார். விலை 380 வெள்ளி. அவர் ஆரம்பித்த விதம்தான் என்னால் மறக்க முடியாதது.

"இதே கோவில்ல சிவராத்திரிக்கு இன்ஜினியரிங் தம்பி ஒருத்தர் பேசினாரே, கேட்டீங்களா? நம்ம கோவில்ல இருக்கிற சக்தியை நாசாவே ஒத்துக்கிச்சு. அதே சக்திதான் இதுல இருக்கு."

என் பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஷிப்டு வேலைக்குப் போன காலத்தில் என்னை வளர்த்தவர். எனக்கு முதல் தேவாரம் சொல்லிக் கொடுத்தவர். பத்து வருடமாக அவருக்கு இனிப்பு நீர். அன்றைக்கே ஒரு பதக்கம் வாங்கினார். இரண்டு வாரத்தில், "உடம்பு லேசா இருக்குடா தம்பி, வயித்துப் பிரச்சினைகூட போயிடுச்சு" என்றார். எங்களுக்கும் சந்தோஷம். மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது.

ஆடி வெள்ளியில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றும்போது காலில் ஏதோ குத்தியிருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. அதனால் அவருக்கு வலிக்கவே இல்லை. புண்ணைப் பார்த்தபோது விரல் கறுத்திருந்தது. மருத்துவமனையில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அடுத்த நாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அந்த நாசா விஷயம் உண்மைதானே?"

அந்தச் சின்னப் பெண் கேட்ட அதே கேள்விதான். அப்போதும் என்னிடம் பதில் இல்லை.

நம்மிடம் இருக்கிற கருவி

அன்று இரவு வீட்டுக்கு வந்து பழைய சித்தாந்த வகுப்புக் குறிப்பேட்டை எடுத்தேன். அருளந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியார். இறைவன் யார், உயிர் என்ன என்ற பேச்சுக்குப் போவதற்கு முன்னாலேயே, ஒன்றை உண்மை என்று எப்படி அறிவது என்ற கேள்வியை அந்த நூல் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பகுதிக்குப் பெயர்தான் அளவை. அரிசியைப் படியால் அளப்பதுபோல, அறிவை அளக்கும் படி. அளவைகள் பல என்று பலரும் சொல்வார்கள். அவை எல்லாம் மூன்றில் அடங்கும் என்பார் அருளந்தியார். காண்டல், கருதல், உரை.

கேள்வி கேட்பது நாத்திகர் வேலை, நம்புவது நம் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் சைவப் பெரியவர்களோ சோதிக்கும் படியை முதலில் கையில் கொடுத்துவிட்டுத்தான் சமயம் பேசியிருக்கிறார்கள். சரி, அந்தப் படியால் பதக்கத்தையும் என் பேச்சையும் அளந்து பார்ப்போம்.

காண்டல்

கண்ணால் கண்டது. ஆனால் கண்டதெல்லாம் காட்சி ஆகாது என்கிறது சித்தாந்தம். மங்கலான வெளிச்சத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று தடுமாறுவது ஐயக்காட்சி. கயிற்றைப் பாம்பு என்றே பார்ப்பது திரிவுக்காட்சி. இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கணக்கில் சேரும்.

பதக்கக்காரர் மேடையில் ஒரு சோதனை காட்டினார். ஒருவரை ஒற்றைக் காலில் நிற்கவைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, மணிக்கட்டில் அழுத்தினார். ஆள் சாய்ந்தார். கழுத்தில் பதக்கத்தைப் போட்டு மறுபடி அழுத்தினார். ஆள் அசையவில்லை. எல்லாரும் கண்ணால் பார்த்தோம்.

ஸ்டேடிக்ஸ் படிக்கிற நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். நீட்டிய கை ஒரு நெம்புகோல். மணிக்கட்டைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக இழுத்து அழுத்தினால் எடை பாதத்தைவிட்டு வெளியே போகும், ஆள் சாய்வார். கொஞ்சம் உடம்புப் பக்கமாக அழுத்தினால் நிற்பார். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதுமட்டும் இல்லை, இரண்டாவது தடவை எப்படி அழுத்தம் வரும் என்று உடம்புக்கே தெரிந்துவிடுகிறது.

வீட்டில் நாங்கள் ஒரு சோதனை செய்தோம். ஒரே மாதிரி இரண்டு துணிப்பை. ஒன்றில் பதக்கம், மற்றொன்றில் அதே எடைக்குச் சில்லறைக் காசு. எது எது என்று அழுத்துபவருக்கும் தெரியாது, நிற்பவருக்கும் தெரியாது. தங்கை மட்டும் தாளில் எழுதி வைத்தாள். 10 தடவை. 8 தடவை ஆள் அசையவில்லை. தாளைப் பிரித்தால், நாலு பதக்கம், நாலு சில்லறை! செலவு ஒரு காசு இல்லை, நேரம் அரை மணி. அந்த அரை மணியை நாங்கள் சித்திரையிலேயே செலவழித்திருக்கலாம்.

இந்த ஒற்றைக்கால் வித்தை புதிதும் இல்லை. பவர் பேலன்ஸ் என்ற கைவளையத்தை இப்படித்தான் உலகம் முழுக்க விற்றார்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் கேள்வி கேட்டதும், தங்கள் கூற்றுக்கு நம்பத்தக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2010 டிசம்பரில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

கருதல்

கண்டதை வைத்துக் காணாததை அறிவது. மலையில் புகை தெரிகிறது, அங்கே தீ இருக்கிறது. இது சரியாக வர வேண்டுமானால் புகைக்கும் தீக்கும் விட்டுப் பிரியாத தொடர்பு இருக்க வேண்டும். பனிமூட்டத்தைப் புகை என்று நினைத்தால் இல்லாத தீயைத்தான் தேடி ஓடுவோம்.

பதக்கம் போட்டேன், உடம்பு லேசாச்சு. இது பெரியம்மாவின் கருதல். அவர் பொய் சொல்லவில்லை, உடம்பு உண்மையிலேயே லேசாகத்தான் இருந்தது. ஏன்? அவர் சாப்பிட்டுவந்தது மெட்ஃபார்மின். அந்த மாத்திரை சிலருக்கு வயிற்றுப் பொருமல், பேதி கொடுக்கும். நிறுத்தினால் அது நின்றுவிடும். ஆக, அவர் உணர்ந்த நிம்மதி பதக்கம் கொடுத்தது இல்லை, மாத்திரை நின்றதால் வந்தது. அதே நேரத்தில் உள்ளே சர்க்கரை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அதைக் கண் காட்டாது, ரத்தப் பரிசோதனைதான் காட்டும். எச்பிஏ1சி என்ற சோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைச் சொல்லிவிடும், ஏனென்றால் நம் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கின்றன. கிளினிக் தேதியை அவர் தவறவிடாமல் இருந்திருந்தால்... அதை நினைத்து இப்போது பயனில்லை.

அந்தப் பதக்கத்தை விரிவுரையாளர் அனுமதியோடு லேபில் உள்ள கதிர்வீச்சு அளக்கும் கருவியின் பக்கத்தில் வைத்தேன். வெறும் மேசையில் விட்டுவிட்டு 'டிக், டிக்' என்றிருந்தது. பதக்கத்தைக் கிட்டே கொண்டுபோனதும் விடாமல் அடித்தது. அயான் வருகிறது என்று பெட்டியில் போட்டிருந்தது பொய் இல்லை. இந்த மாதிரிப் பதக்கங்கள் பலவற்றில் தோரியம் போன்ற கதிரியக்கப் பொருள் உள்ள தாதுப்பொடியைக் கலக்கிறார்கள். அந்தக் கதிர் காற்றை அயனியாக்குகிறது. நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் இப்படிப்பட்ட பத்துப் பொருள்களின் பெயரை வெளியிட்டு, அணியவேண்டாம் என்று எச்சரித்தது. கதிர்வீச்சின் அளவு குறைவுதான். ஆனால் இரவு பகலாக, வருடக்கணக்கில் தோலோடு ஒட்டிக்கிடக்கிற பொருள் அது. பெரியம்மாவின் விரல் போனதற்கு இந்தக் கதிர் காரணம் இல்லை, மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம். ஒன்றின் பழியை இன்னொன்றின் மேல் போடுவதும் தப்பான கருதல்தான்.

உரை

நாமே கண்டறிய முடியாததை நம்பத்தக்கவர் சொல்லி அறிவது. ஆப்த வாக்கியம் என்பார்கள். வேதமும் ஆகமமும் நமக்கு உரை. அன்றாட வாழ்க்கையில் மருத்துவர் சொல்வதும், பாலம் கட்டிய பொறியாளர் எழுதிக் கொடுப்பதும் ஒருவகையில் உரைதான். ஆனால் ஆப்தன் யார்? விஷயம் தெரிந்தவன், ஏமாற்றும் எண்ணம் இல்லாதவன். 380 வெள்ளி வாங்குகிறவர் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்வதில் பாதியையாவது தள்ளிவைத்துக் கேட்க வேண்டும். பெயரே இல்லாமல் வரும் புலனச் செய்தியில் ஆப்தனும் இல்லை, ஆளும் இல்லை.

இப்போது என் மேடைப் பேச்சுக்கு வருகிறேன்.

பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. 3 விநாடி நின்றால் வேகம் போச்சு, அப்புறம் அது பூமியில்தான் வந்து விழும். நின்றுவிட்டு மறுபடி கிளம்புவதற்கு அது பேருந்து இல்லை. ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்கள் உண்டு. நம் வீட்டு ஆஸ்ட்ரோ தட்டு பார்த்துக்கொண்டிருப்பது அப்படி ஒன்றைத்தான். அவை பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுகின்றன. திருநள்ளாறு பூமத்திய ரேகையில் இல்லை. இவ்வளவும் எனக்கு முதலாம் ஆண்டிலேயே தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மேடையில் ஏறியதும் மறந்துவிட்டேன்.

காந்த மையமும் அப்படித்தான். காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அது பூமியைச் சுற்றிப் போகும் கோடு, அதற்கு மையப்புள்ளி கிடையாது. இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டைத் திருவனந்தபுரம் பக்கம் தும்பாவிலிருந்து ஏவியதற்கே காரணம், அந்த ஊர் இந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பதுதான். தில்லை அங்கிருந்து வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

எல்லாமே பொய்யா என்றால், அதுவும் இல்லை. பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே நேர்கோட்டில் என்று ஒரு செய்தி சுற்றும். நீங்களே வரைபடத்தைத் திறந்து பாருங்கள். காளத்தி, காஞ்சி, தில்லை மூன்றும் கிழக்கே 79.7 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கின்றன, கிழக்கு மேற்காக வித்தியாசம் ஒரு கிலோமீட்டருக்குள்தான். எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் திருவண்ணாமலை சுமார் 70 கிலோமீட்டரும், திருவானைக்கா 100 கிலோமீட்டருக்கு மேலும் மேற்கே விலகி இருக்கின்றன. மூன்று உண்மை, ஐந்து இல்லை. மூன்றும் எப்படி அப்படி அமைந்தன என்பது நல்ல கேள்வி. விடை கிடைக்கும்வரை அதைக் கேள்வியாகவே வைத்திருப்போம்.

செம்புப் பாத்திரமும் அப்படியே. செம்பின் மேல் கிருமிகள் சாகும் என்பது சோதித்து உறுதியானது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2008இல் செம்பு உலோகக் கலவைகளைக் கிருமி கொல்லும் பொருளாகப் பதிவு செய்தது. நம் பாட்டிமார்கள் செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்தது வீண் இல்லை. அதனால் செம்புத் தண்ணீர் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று தாவினால், பனியைப் புகை என்று ஓடிய கதைதான்.

சுட்டிய விரல்

இவ்வளவு தெரிந்தும் நான் ஏன் அப்படிப் பேசினேன்? அறிவு குறைவால் இல்லை. கைதட்டல் வேண்டியிருந்தது. 'எங்க சமயம்தான் பெரிசு' என்று யாரிடமோ ஜெயிக்க வேண்டியிருந்தது. நம் சித்தாந்தத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. ஆணவம். இருட்டாவது தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவம் தன்னையும் காட்டாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அருளந்தியார் வரலாறு உங்களுக்குத் தெரியும். எல்லா ஆகமமும் கற்றதால் சகலாகம பண்டிதர் என்று பேர் பெற்றவர். திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சின்னப் பிள்ளை ஞானம் உபதேசிக்கிறது, தம் மாணவர்களே அங்கே போகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கோபத்தோடு போனார். ஆணவ மலம் எப்படி இருக்கும் என்று மெய்கண்டாரைக் கேட்டார். மெய்கண்டார் பதில் பேசவில்லை. நின்றுகொண்டிருந்த அவரையே விரலால் சுட்டினார். பண்டிதர் அந்த இடத்திலேயே காலில் விழுந்து, வயதில் சின்னவருக்கு மாணவரானார்.

அப்படிப்பட்டவர் எழுதிய நூல்தான் சித்தியார். அதில் பரபக்கம் என்ற பகுதியில், மறுக்கப்போகும் 14 மதங்களின் கொள்கையையும் முதலில் அவர்கள் சொல்கிறபடியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மறுப்பு சொல்கிறார். சுட்டிய விரலை ஏற்றுக்கொண்டவருக்குத்தான் அந்த நிதானம் வரும்.

என்னைச் சுட்டிய விரல் ஓர் ஆறாம் ஆண்டு பிள்ளையுடையது. நான் அவளை டீ குடிக்க அனுப்பினேன்.

அன்றைக்கு அவள் என் பேச்சை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று அடிக்கடி நினைப்பேன். நாளைக்கு அவள் படிவம் ஐந்தில் இயற்பியல் படிப்பாள். செட்டலைட் நிற்காது என்று தெரிந்துகொள்வாள். 'அண்ணன் கோவிலில் சொன்னது பொய்' என்று அன்றைக்குத் தெரியும். அப்புறம் நான் சொன்ன தேவாரத்தையும், திருநீற்றையும், சிவனையும் அதே மூட்டையில் கட்டித் தூக்கிப் போட்டால் யார் குற்றம்? சனீஸ்வரனுக்கு நாசா சான்றிதழ் வேண்டியதில்லை. அதை அவருக்கு வாங்கித் தர ஓடியது நான்தான்.

போன சிவராத்திரிக்கு அதே மேடையில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். போன வருடம் சொன்னது தப்பு, சரிபார்க்காமல் பேசிவிட்டேன், மன்னிக்கணும் என்றேன். கைதட்டல் இல்லை. ஒன்றிரண்டு பெரியவர்களுக்குக் கோபம்கூட. "கோவில் மேடையில போய் இதையெல்லாம் சொல்லலாமா?" என்றார் ஒருவர். இறங்கி வந்தபோது அந்தப் பெண் வந்து, "அப்போ சனீஸ்வரன்?" என்றாள். "அவர் அங்கேயேதான் இருக்காரும்மா. செட்டலைட்தான் நிக்கல" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

தம்பி தங்கைகளே, அடுத்த தடவை நம் சமயத்தின் பெயரில் ஒரு செய்தி வந்தால், பகிரும் முன் நாலு கேள்வி கேளுங்கள். இதை யார் சொன்னது, அவருக்கு இதில் என்ன லாபம்? நேரில் கண்டது எது, ஊகித்தது எது? வேறு காரணம் இருக்க முடியுமா? பொய்யாக இருந்தால் எப்படித் தெரியும், அதை நாமே சோதிக்க முடியுமா? விடை தெரியவில்லை என்றால் 'தெரியல' என்று சொல்லுங்கள். வாயில் வர கஷ்டமான வார்த்தைதான். பழகிவிடும்.

பெரியவர்களிடம் பேசும்போது மரியாதை குறைய வேண்டாம். "நீங்க சொல்றது பொய்" என்று குழுவில் எல்லார் முன்னாலும் போடாமல், தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இதை நான் தேடிப் பார்த்தேன், இப்படி இருக்கு" என்று சொல்லலாம். வீட்டில் யாராவது மருந்தை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பெரியம்மா இப்போது தனியாகச் செய்த செருப்புப் போட்டு நடக்கிறார். வெள்ளிக்கிழமை கோவிலை விடவில்லை. காலையில் சாமி மேடையில் திருநீற்று மடலுக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பா இருக்கும். திருநீறு பூசி, பதிகம் ஒன்று பாடி, தண்ணீர் குடித்து மாத்திரையைப் போடுவார். மாத்திரை முடிந்துபோனால், "டேய் இன்ஜினியர், கிளினிக் கார்டை எடு" என்று என்னைத்தான் கூப்பிடுவார்.

நான் கார் ஓட்டிக்கொண்டு போவேன்.

திருச்சிற்றம்பலம்.